மலைச்சரிவும் சக்கர நாற்காலியும்: நீலகிரியை முன்வைத்து முக்கியக் குறிப்புகள்

(மாற்றுத்திறனாளிகள் உரிமை, சமூக நீதி, நலத்திட்டங்கள் ஆகிய பாடப்பகுதிகளுக்கு)

முதல்நிலைத் தேர்வுக்குப் பிரிவு எண்களும் ஆண்டுகளும் போதும். முதன்மைத் தேர்வில் அவற்றை ஓர் ஊரில் பொருத்திக் காட்டினால்தான் மதிப்பெண் ஏறும். அதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

சரிவின் கணக்கு

• சாய்தளத்தின் அதிகபட்சச் சரிவு 1:12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். உயரம் கூடக் கூடச் சரிவு இன்னும் மெலிய வேண்டும். இடையிடையே நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். வாசலின் அகலம் 900 மி.மீ.; நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப 1,500 மி.மீ. இடம்.

• நீலகிரி மலை ரயில்: மேட்டுப்பாளையம்–குன்னூர் 1899, உதகை வரை 1908. நீளம் 46 கி.மீ.; வளைவுகள் 208, குகைகள் 16, பாலங்கள் 250. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் 2005. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை. அங்கே உச்சச் சரிவு 1:12-ஐ ஒட்டியது.

இந்த இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். நீராவி எஞ்சினே பல் பதித்த தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் சரிவுதான், மனிதக் கைக்கு விதிக்கப்பட்ட மேல்வரம்பு. எஃகின் மேல் எஃகு வழுக்கும், ரப்பர் சக்கரம் அவ்வளவு வழுக்காது என்பது உண்மைதான். ஆனாலும் குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் பல இந்த வரம்பைத் தாண்டியவை என்பதை நடந்து ஏறிய எவருடைய முழங்காலும் சொல்லும்.

• குன்னூரில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் கீழே. சிம்ஸ் பூங்கா (1874) மேலே. அதுவும் சரிவில் அமைந்த பூங்கா. உதகை அரசு தாவரவியல் பூங்கா (1848), ரோஜா பூங்கா (1995) இரண்டும் அடுக்கடுக்காக அமைந்தவை. நுழைவாயிலில் சாய்தளம் போட்டால் முதல் அடுக்கு மட்டுமே கைக்கு எட்டும்.

• ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. விவரம் தெரிந்த பராமரிப்பாளர் நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். உட்கார்ந்திருப்பவர் முகம் மேட்டைப் பார்த்திருக்க, தான் கீழ்ப்பக்கம் நின்று ஓரடி ஓரடியாகப் பின்னால் இறங்குவார். நேராக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார். திருப்பி இறக்கும்போது தள்ளுபவரின் முதுகு பள்ளத்தைப் பார்த்திருக்கும். கீழிருந்து வரும் வண்டி அவர் கண்ணில் படாது. நடைபாதை இல்லாத சாலையில் இது தினப்படி நிலை. மழைக்காலத்தில் சக்கர வளையம் நனைந்து பிடி வழுக்கும். பாசி படிந்த கல்படியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தேயிலைத் தோட்டங்கள்

• தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951: குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது.

• டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்): 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968-ல் அரசுத் திட்டமாகத் தொடக்கம், 1976-ல் கழகமாக மாற்றம், தலைமையகம் குன்னூர்.

• தேர்வில் யாரும் எழுதாத கோணம் ஒன்று. தொழிலாளரின் லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறப் பத்துப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி 15 செ.மீ. என்றால் உயரம் ஒன்றரை மீட்டர். 1:12 கணக்கில் 18 மீட்டர் சாய்தளம் வேண்டும்; இளைப்பாறும் தளங்கள் தனி. வீட்டு முன்னால் அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொழுந்து பறித்துத் தோள் ஓய்ந்த அம்மாவே வளர்ந்த பிள்ளையையும் தூக்க வேண்டியிருக்கிறது. சட்டம் பேசும் 'தடை' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

பேருந்து

• பேருந்துத் தளத்தின் உயரம்: தாழ்தளம் 400 மி.மீ., பாதித் தாழ்தளம் 650, வழக்கமானது 900. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

• சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத மகளிர் விடியல் பயணம் நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்படும் என்பது 2024–25 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பு. டிக்கெட் இலவசமாகிவிட்டது, படி அப்படியேதான் இருக்கிறது. மலைச்சாலைக்குத் தாழ்தளம் ஒத்துவராது என்றால் உயர்தளப் பேருந்திலேயே நாற்காலியை ஏற்றும் தூக்கி (லிஃப்ட்) பொருத்தலாம். விடையில் இதைத் தீர்வாக எழுதுங்கள்.

பராமரிப்பாளர்

• மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 2(டி): ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோர், குடும்பத்தினர் உட்பட அனைவரும் பராமரிப்பாளரே.

• பிரிவு 24(3): அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி. பிரிவு 38: அந்த ஆதரவைக் கோரி விண்ணப்பிக்கும் உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

• 2024 மக்களவைத் தேர்தல்: 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கும் 85 வயது கடந்தவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி (படிவம் 12-டி). மலைக் கிராமங்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆண்டுகள், பிரிவுகள்

• ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006; இந்தியா ஏற்பு 2007 அக்டோபர் 1; அணுகல் பற்றியது உறுப்பு 9. சுகம்ய பாரத் இயக்கம் 2015 டிசம்பர் 3.

• 2016 சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. குறைபாட்டு வகைகள் 7-லிருந்து 21. அரசு வேலையில் 4%, உயர்கல்வியில் 5% இடஒதுக்கீடு.

• ராஜீவ் ரதூரி வழக்கு, 2024 நவம்பர் 8: சட்டம் அணுகல் தரங்களைக் கட்டாயமாக்க, 2017 விதிகளின் விதி 15(1) அவற்றை வெறும் வழிகாட்டுதலாக நிறுத்திவிட்டது, ஆகவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது உச்ச நீதிமன்றம். கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

• பிரிவு 89: முதல் மீறலுக்கு ரூ.10,000 வரை அபராதம். அடுத்தடுத்த மீறலுக்கு ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை.

• பிரிவு 45: இருக்கும் பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்ற, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூன் 15. காலக்கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. இன்றும் படி மட்டுமே உள்ள அலுவலகம் உங்கள் ஊரில் இருந்தால், பிரிவு 80-ன்படி விசாரிக்கும் அதிகாரம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு உண்டு, அவருக்கு எழுதிப் போடுங்கள்.