மறதி நோயுள்ள பெற்றோரும் வீட்டு வாசற்கதவும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத இரவு. அதிகாலை மூன்று மணி இருக்கும். எமது தாயார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்புடன் வாசற்கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். வெளியே மறை 18 பாகை. திறந்து கிடந்த கதவால் வந்த குளிரில்தான் வீட்டில் இருந்தவர்கள் விழித்தோம். நான்கு வீடு தள்ளி நடைபாதையில் நின்றவர் எம்மைக் கண்டதும், "தம்பி, கெதியா வெளிக்கிடு, சனமெல்லாம் பாலத்தாலை போகுது" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவு வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு அந்த இரவு இன்னும் முடியவில்லை.

எமது தொழில் குடும்ப வைத்தியம். ரொறன்ரோவில் எத்தனையோ பேரின் பெற்றோருக்கு ஆலோசனை சொன்ன நாம், எமது வாசற்கதவைப் பற்றி யோசித்திருக்கவில்லை. அதன் பின்னர் கதவு, யன்னல் உணரிகளைப் பற்றி நாம் அறிந்துகொண்டதையும், முதலில் விட்ட பிழையையும் இங்கு தருகின்றோம்.

முதலில் வைத்தியரிடம்

மறதி நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒரு தடவையாவது வழிதவறிப் போவார்கள் என்று அல்சைமர் சங்கங்கள் சொல்கின்றன. ஆனால் நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று இரவில் எழும்பி நடக்கத் தொடங்கினால், அதை "வருத்தம் கூடிவிட்டது" என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைதல், நீரிழிவு மருந்தால் சீனி இறங்குதல், தாங்கிக்கொண்டிருக்கும் நோ ஆகியவை முதியோரைத் திடீரெனக் குழப்பும். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் நித்திரைக் குளிசைகளிலும் சில தடிமன் மருந்துகளிலும் உள்ள டைபென்ஹைட்ரமின் என்ற மருந்தும் அப்படியே. இவற்றிற் பல திருத்தக்கூடியவை. ஆகவே கடைக்குப் போக முன் வைத்தியரிடம் போங்கள். பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

பூட்டா, மணியா?

பலர் எம்மிடம் முதலில் கேட்பது, "உள்ளுக்கும் திறப்புப் போட்டுப் பூட்டிவிட்டால் என்ன?" என்பதுதான். வேண்டாம். தீ விபத்து நேர்ந்தால் திறப்பைத் தேடிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமிருக்காது. மறதி நோயாளியைத் தனியே வைத்து வெளியாற் பூட்டிவிட்டுப் போவது அதைவிட ஆபத்தானது. பூட்டு மனிதரை மறிக்கிறது. மணி, பார்ப்பவரை எழுப்புகிறது. எமக்குத் தேவை இரண்டாவதுதான்.

உணரி எப்படி வேலை செய்கிறது?

சென்சர் என்று கடையில் கேட்டு வாங்கும் இந்த உணரியில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று காந்தம். மற்றையதில், ஒரு சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். காந்தம் கிட்ட இருக்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொடும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரியும். உடனே உணரி வானலை மூலம் செய்தி அனுப்பும். ரீட் சுவிட்ச் எனப்படும் இந்த அமைப்பை 1936 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வோல்ட்டர் எல்வுட் என்பவர் கண்டுபிடித்தார். ஆக, அடிப்படை பழையது. செய்தி போய்ச் சேரும் வழிதான் புதியது. தெரிவுசெய்ய வேண்டியதும் அந்த வழியைத்தான்.

வாங்க முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மணி யாருக்குக் கேட்க வேண்டும்?

நாம் விட்ட பிழை இங்கேதான். முதலில் வாங்கிய உணரி எமது கைத்தொலைபேசிக்கு மட்டும் செய்தி அனுப்பியது. ஒரு பகல் நேரம் நாம் மருத்துவ நிலையத்தில் ஒரு நோயாளியுடன் இருந்தோம். தொலைபேசி மேசை இலாச்சிக்குள். வீட்டில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கண்டு கூட்டி வந்தார். வீட்டில் இருப்பவர் எவரோ, அவரது கட்டிலடியில் மணி அடிக்க வேண்டும். தூரத்தில் இருப்பவரின் தொலைபேசிச் செய்தி இரண்டாவது காவலே.

வீட்டில் எப்போதும் ஆள் இருக்குமானால், இணையம் எதுவும் தேவைப்படாத, சுவர்ச் செருகியில் மாட்டும் வானலை மணியே பலருக்குப் போதும். விலையும் குறைவு.

2. எப்படியான ஒலி?

வயது போகும்போது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறனே முதலிற் குறைகிறது. கணவரோ மனைவியோதான் காவல் என்றால், கீச்சென்ற மணி அவருக்குக் கேளாமற் போகலாம். காதுக் கருவியையும் இரவில் கழற்றிவிடுவார். தாழ்ந்த ஒலியுள்ள மணி, ஒளிரும் விளக்கு, அல்லது தலையணைக்குக் கீழ் அதிரும் கருவி நல்லது.

இன்னொன்று, எம்மவருக்கே உரியது. போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குச் சைரன் சத்தம் வெறும் சத்தமல்ல. எமது வீட்டில் பரீட்சித்துப் பார்த்தபோது அம்மா கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார். கதவடியில் அலறும் வகையைத் தவிருங்கள். பார்ப்பவரின் அறையில் மட்டும் மெதுவாக ஒலிக்கும் வகையை எடுங்கள்.

3. எந்த அலைவழி?

வைஃபை உணரிக்குத் தனியாக மையப் பெட்டி தேவையில்லை. ஆனால் பற்றரி விரைவாக இறங்கும். சிக்பீ, இசட்-வேவ், திரெட் என்ற வழிகளில் இயங்குபவை குறைந்த மின்சக்தியில் நீண்டகாலம் வேலை செய்யும். அவற்றுக்கு ஹப் எனப்படும் மையப் பெட்டி வேண்டும். இசட்-வேவ் வட அமெரிக்காவில் ஓர் அலைவரிசையிலும் ஐரோப்பாவில் வேறோர் அலைவரிசையிலும் இயங்குகிறது. ஆகவே இலண்டனில் இருந்து அண்ணர் வாங்கி அனுப்பினால் இங்கு வேலை செய்யாது. பல கம்பனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022 ஒக்ரோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வெளிவந்தது. புதிதாக வாங்குபவர்கள் அந்தக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள்.

4. மின்சாரமோ இணையமோ நின்றால்?

2013 மார்கழிப் பனிமழையில் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கானோர் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததையும், 2022 யூலை 8 ஆம் திகதி கனடா முழுவதும் பலருக்கு இணையமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். இணையம் நின்றாலும் வீட்டுக்குள் மணி அடிக்குமா என்று கடையிற் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின் இணையப் பெட்டியின் மின்செருகியைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். மையப் பெட்டிக்குப் பற்றரித் துணை இருந்தால் மேலும் நல்லது.

5. மாதக் கட்டணம் உண்டா? கம்பனி சேவையை நிறுத்தினால்?

சில கருவிகள் முழுக்கக் கம்பனியின் தூரத்துக் கணினியை நம்பியே இயங்குகின்றன. அமெரிக்காவில் லோவ்ஸ் நிறுவனம் தனது ஐரிஸ் வீட்டுச் சேவையை 2019 மார்ச் 31 இல் மூடியபோது, அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வீட்டுக்குள்ளேயே தீர்மானம் எடுக்கும் மையப் பெட்டி இந்த வகையிலும் பாதுகாப்பானது.

6. பற்றரி மூடி இறுக்கமானதா?

இதைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். பல உணரிகளில் பொத்தான் வடிவப் பற்றரி உண்டு. பேரப்பிள்ளை அதை விழுங்கி அது உணவுக்குழாயிற் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். ஆணி போட்டு இறுக்கும் மூடியுள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய பற்றரியையும் கைக்கெட்டாத இடத்தில் வைத்து உரிய முறையில் அகற்றுங்கள். விழுங்கியதாகச் சந்தேகித்தாலே போதும்: வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். கனடாவின் விஷத் தகவல் நிலைய இலக்கம் 1-844-764-7669. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வழியில் தேன் கொடுக்கலாமா என்பதையும் அவர்கள் சொல்வார்கள். அதற்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம்.

எங்கே பொருத்துவது?

முன்கதவு மட்டும் போதாது. பின்கதவு, முற்றத்துக்குப் போகும் தள்ளுகதவு, வாகனக் கொட்டகைக்குப் போகும் உட்கதவு, நிலவறைப் படிக் கதவு ஆகியவற்றையும் எண்ணிக்கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போது காந்தத்துக்கும் உணரிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் அளவே இருப்பது நல்லது. இங்குள்ள உருக்குக் கதவுகள் காந்தத்தின் வலுவைக் குறைக்கக்கூடும். இடையில் பிளாஸ்ரிக் தட்டொன்று வைத்தால் சரிவரும். கருவியைக் கதவின் உட்பக்கத்தில் மேல் மூலையில் பொருத்துங்கள். கண்ணுக்கு நேரே இருந்தால் பிடுங்கிவிடுவார்கள்.

யன்னலைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. உணரி, யன்னல் திறந்த பின்னரே சொல்லும். மாடி வீட்டில் விழுவதற்கு ஒரு கணம் போதும். ஆகவே முதலில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடுப்புப் போடுங்கள். பிறகு உணரியைப் பற்றி யோசியுங்கள். தீ விபத்தில் வெளியேறும் வழியாக உள்ள யன்னலில், வளர்ந்தவர் இலகுவாகக் கழற்றக்கூடிய தடுப்பே வேண்டும்.

பகல் முழுவதும் அடிக்கும் மணியை எவரும் நாளடைவில் கவனிக்க மாட்டார்கள். வீட்டில் ஆட்கள் நடமாடும் நேரத்தில் ஒலியைக் குறைத்து, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை முழுமையாக இயங்க விடுங்கள். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து பரீட்சித்துப் பாருங்கள்.

பதிவும் ஒரு மருத்துவக் குறிப்புத்தான்

இக்கருவிகள் பல, கதவு திறந்த நேரங்களைக் குறித்து வைக்கும். படுக்கையறைக் கதவு ஒரே இரவில் ஐந்து தடவை திறந்திருந்தால் அது எமக்கு ஒரு நோய்க்குறி. சீனி கூடியிருக்கலாம், ஆண்களுக்குப் புரோஸ்ரேட் சுரப்பி வீங்கியிருக்கலாம், சலம் போவதற்கான குளிசையைப் பின்னேரத்தில் எடுப்பதாகவும் இருக்கலாம். அந்தக் குறிப்பை வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். எமது தாயாருக்கு மருந்து நேரத்தை மாற்றியதும் இரவில் எழும்புவது பாதியாகக் குறைந்தது.

சம்மதமும் மானமும்

நோய் ஆரம்ப நிலையில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டே பொருத்துங்கள். "உங்களைப் பிடித்து வைக்க அல்ல, நீங்கள் எழும்பினால் நாங்களும் எழும்ப" என்று சொன்னால் பெரும்பாலானோர் விளங்கிக்கொள்வர். கமராவைப் போலன்றி உணரி எவரையும் படம் பிடிப்பதில்லை. குளியலறை, படுக்கையறை மானத்தை அது காக்கிறது. கருவியுடன் வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். பதிவைப் பார்க்கும் உரிமையைத் தேவையான ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள்.

மணி அடித்தும் ஆளைக் காணாவிட்டால்

• வீட்டுக்குள்ளும் சுற்றிலும் விரைவாகப் பாருங்கள். காணாவிட்டால் தாமதியாமல் 911 ஐ அழையுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்.

• அண்மையில் எடுத்த படம், உயரம், உடுத்த உடுப்பு, பேசும் மொழி ஆகியவற்றைச் சொல்லுங்கள். தமிழ் மட்டுமே பேசுவார் என்பதை மறவாமல் சொல்லுங்கள்.

• குளிரில் நின்றவரின் உடல் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே போனால் உயிராபத்து. நடுக்கம் நின்று சோர்ந்து குழறினால் நிலைமை மோசம் என்று பொருள். ஈர உடுப்பை மாற்றி, கம்பளியாற் போர்த்து 911 ஐ அழையுங்கள். கைகாலைத் தேய்க்கக் கூடாது. மதுபானம் கூடவே கூடாது.

• பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறித்த கைவளையம் ஒன்றை இன்றே அணிவித்து விடுங்கள்.

எமது வீட்டில் இப்போது மணி அடித்தால் ஒருவர் எழும்பிப் போவோம். "எங்கையம்மா வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டு, கைப்பையை வாங்கி வைத்து, ஒரு கோப்பை பால் சுடவைத்துக் கொடுப்போம். "எல்லாரும் வந்து சேர்ந்திட்டினம், பயப்பிடாதேங்கோ" என்போம். அநேகமாக அது போதும். வாதாடினால் பயம்தான் கூடும்.

கருவி கதவு திறந்ததைச் சொல்லும். அதன் பிறகு செய்ய வேண்டியது மனிதர் வேலை. இந்தக் குளிர்காலம் தொடங்க முன்பே உங்கள் வீட்டுக் கதவுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.