ஆண் பிள்ளைக்கும் முத்தப் பருவம் உண்டு!



"ஆம்பளப் பையன் அழக்கூடாது." இதைக் கேட்காம வளர்ந்த பசங்க நம்மில் எத்தனை பேர்? இதுதான் நம்ம மரபுன்னு பலர் நினைக்கிறாங்க. ஆனா நம்ம பிள்ளைத்தமிழ் வேற மாதிரி சொல்லுது.

தெய்வத்தையோ பெரியவங்களையோ குழந்தையாப் பாவித்துப் பாடுறதுதான் பிள்ளைத்தமிழ். மொத்தம் 10 பருவங்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கு ஒரு பிள்ளைத்தமிழும், மதுரை மீனாட்சியம்மைக்கு ஒரு பிள்ளைத்தமிழும் பாடியிருக்கார். ஒரே புலவர், ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

முதல் 7 பருவம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்:

1. காப்பு – குழந்தையைக் காக்கச் சொல்லி தெய்வங்களை வேண்டுறது
2. செங்கீரை – கை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுறது
3. தால் – தாலாட்டு
4. சப்பாணி – கை கொட்டுறது
5. முத்தம் – முத்தம் தரச் சொல்லிக் கேட்கிறது
6. வருகை – "வா வா"ன்னு அழைக்கிறது
7. அம்புலி – குழந்தையோட விளையாட நிலாவைக் கூப்பிடுறது

கடைசி 3 மட்டும்தான் வேற. பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்கு சிற்றில், சிறுபறை, சிறுதேர்.

சூரனை வென்ற வேலவனுக்கே தாலாட்டு உண்டு, முத்தம் உண்டு. அதனால அவன் வீரம் ஒண்ணும் குறைஞ்சு போகல!

இப்போ சிற்றில் பருவத்துக்கு வருவோம். பெண் பிள்ளைங்க கட்டின மணல் வீட்டைச் சிறுவன் காலால கலைக்க வர்றான். புலவர் அதைக் குறும்பாத்தான் ரசிக்கிறார். ஆனா பாட்டுல நமக்குக் கேட்கிறது அந்தப் பெண் பிள்ளைங்களோட குரல்: எங்க சிற்றிலைச் சிதைக்காதே!

நம்ம வீட்ல என்ன நடக்குது? தங்கச்சி கட்டினதை அண்ணன் தட்டிவிட்டா, "பசங்கன்னா அப்படித்தான்"னு சிரிச்சுட்டுப் போயிடறோம். அவ சொன்ன "வேண்டாம்" யார் காதுலயும் விழறதில்ல. அதே பையன் கீழ விழுந்து அழுதா, அவன் அழுகைக்கும் இடமில்ல. தன் வலியை மறைக்கப் பழகினவனுக்கு அடுத்தவங்க வலி எப்படிப் புரியும்?

அதனால ரெண்டே ரெண்டு விஷயம் செய்வோம்:

🔸 வீட்டுல சின்னப் பையன் அழுதா, "பொண்ணு மாதிரி அழாதே"ன்னு சொல்லாம, "என்னடா கண்ணா ஆச்சு?"ன்னு கேளுங்க.

🔸 விளையாட்டுல யாராவது "வேண்டாம்"னு சொன்னா, அங்கேயே நிறுத்தணும்னு அவனுக்குச் சொல்லிக்கொடுங்க.

பாசத்தோட வளர்த்தா பையன் கோழையாயிட மாட்டான். குழந்தை முருகனை அப்படித்தானே பாடி வெச்சிருக்காங்க!

வேலும் மயிலும் துணை 🦚