பீடைகொல்லி தெளிப்போரும் அநுமதிப் பத்திரமும்

இலங்கையிற் பீடைகொல்லி ஒன்றை இறக்குமதி செய்பவர் முதலில் அதனைப் பதிவு செய்வித்தல் வேண்டும். அதனை விற்பவர் அநுமதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். ஆயின் போத்தலின் மூடியைத் திறந்து, மருந்தை அளந்து கலந்து, தாங்கியை முதுகிற் சுமந்து வயலில் இறங்குபவரிடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை. நஞ்சுக்கு மிக அண்மையில் நிற்பவர் அவரே. அவர் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். அன்றி, ஒரு தாங்கிக்கு இவ்வளவு என்று பேசிக் கூலிக்கு வந்தவராகவும் இருக்கலாம். பலமுறை அவர் பள்ளியை விட்டு விலகிய இளைஞராகவே இருக்கின்றார்.

இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதையும், பிற நாடுகள் இதற்கு என்ன வழி கண்டன என்பதையும், சட்டம் கேளாவிடினும் நம் கமக்காரர் எவற்றைக் கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதையும் இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

சட்டம் பிறந்த விதம்

பீடைகொல்லிச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு பேரிடரின் பின்னரே பிறந்துள்ளன. 1958ஆம் ஆண்டில் இந்தியாவின் கேரள மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி இறந்தனர். உணவுப் பொருள்களுடன் ஒன்றாக ஏற்றிவரப்பட்ட பரதையோன் என்னும் பூச்சிகொல்லி கசிந்து அவற்றிற் கலந்தமையே காரணம். அதன்பின் நடந்த விசாரணைகளின் பயனாக, 1968இல் இந்தியாவிற் பூச்சிகொல்லிச் சட்டம் நிறைவேறியது. அரிசி மூடையும் மருந்துப் போத்தலும் ஒரே வண்டியில் வீடு செல்லலாகாது என்னும் விதியைக் கேட்டு நகைப்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது. பின்னர் 1994இலும் 2011இலும் அது திருத்தப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பீடைகொல்லிப் பதிவாளர் ஒருவர் நியமிக்கப்படுகின்றார். எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எந்தப் பயிருக்கு எந்த அளவிற் பயன்படலாம், சுட்டுத்துண்டில் என்ன எழுதப்படல் வேண்டும் என்பனவெல்லாம் அவரது பொறுப்பாகும். சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருத்தல் வேண்டும்.

பதிவாளரின் கையிலுள்ள வலிய கருவி, பதிவை மறுக்கும் அதிகாரமேயாகும். பரதையோனும் மெதைல் பரதையோனும் 1984இல் நிறுத்தப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் வைத்த கொடிய நஞ்சுகளுள் எஞ்சியிருந்தவை, மொனோகுரோட்டபொஸ், மெதமிடொபொஸ் உட்பட, 1995இல் விலக்கப்பட்டன. எண்டோசல்பான் 1998இலும், பரகுவற், டைமெதொயேற், பென்தியோன் ஆகியன 2008 முதல் 2011 வரையும் படிப்படியாக நீக்கப்பட்டன. இவற்றின் பயனாக, நாட்டிற் பீடைகொல்லி நஞ்சால் நிகழ்ந்த மரணங்கள் பெரிதுங் குறைந்தன. விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியோர் அன்று பலர். நெல்லோ மரக்கறியோ இம்மருந்துகள் இல்லாமையால் அழிந்துவிடவில்லை.

ஆகவே இலங்கையின் வழி, கொடிய பொருளைக் கடைக்கே வரவிடாமல் தடுப்பதாகும். தெளிப்பவரைத் தேடிப்பிடித்துச் சோதிப்பதன்று. இலட்சக்கணக்கான சிறு வயல்கள் உள்ள நாட்டில் ஒவ்வொரு தெளிகாரருக்கும் பத்திரம் வழங்குதல் எளிதன்று என்பதும் உண்மையே. எனினும் இவ்வழியில் ஒரு குறை தங்கிவிட்டது. எஞ்சிய மருந்துகள் நஞ்சற்றவை என்ற தவறான நம்பிக்கை பலரிடம் வேரூன்றிவிட்டது. மஞ்சட் பட்டையிட்ட போத்தலும் நஞ்சே.

தெளிப்பவருக்கே பத்திரம் வழங்கும் நாடுகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1972ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்திருத்தம் பீடைகொல்லிகளை இரு கூறாக வகுத்தது. ஒன்று பொதுப் பயன்பாட்டுக்குரியது, மற்றது கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டாவதைச் சான்றிதழ் பெற்ற தெளிகாரரோ, அவரது நேரடிக் கண்காணிப்பிலுள்ளவரோ மாத்திரமே பயன்படுத்தலாம். தன் நிலத்தில் தெளிக்கும் கமக்காரர் ஒரு வகையினர். கூலி பெற்றுப் பிறர்க்குத் தெளிப்பவர் வேறு வகையினர். பின்னவருக்கு எழுத்துப் பரீட்சை உண்டு. சான்றிதழ் வழங்கும் பணியை அந்தந்த மாநிலங்களே பெரும்பாலும் நடத்துகின்றன.

பயிலுநர் நிலையிலுள்ளோரைப் பற்றி அங்கு நெடுங்காலம் தெளிவான விதிகள் இருக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் விதிகள் அக்குறையை நீக்க முயன்றன. சான்றிதழ் இல்லாமற் கண்காணிப்பிற் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைத் தெளிப்பவருக்குப் பொதுவாக 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்றும், ஆண்டுதோறும் பாதுகாப்புப் பயிற்சி பெறல் வேண்டும் என்றும் அவை கூறின. கமக்காரரின் சொந்தக் குடும்பத்தவருக்கு மாத்திரம் 16 வயது போதுமென விலக்களிக்கப்பட்டது. குடும்பத்துப் பிள்ளையின் தோலை நஞ்சு குறைவாக ஊடுருவும் என்பதற்கில்லை. கமக்காரரின் வழக்கத்துக்கு இணங்கிய ஏற்பாடு என்றே இதனைக் கொள்ளல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் வெளியிட்ட பணிப்புரையின்படி, 2015ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி முதல், தொழில்முறையிற் பீடைகொல்லி பயன்படுத்துவோர் யாவரும் சான்றிதழ் வைத்திருத்தல் வேண்டும். அங்கு பெரிய தெளிகருவிகளும் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்படுகின்றன. கசியும் கருவி திறமையான மனிதரையும் நஞ்சாக்கும் என்பதை அவ்விதி உணர்ந்துள்ளது.

பயிற்சி இல்லாதவிடத்து நேர்வதை 2017இல் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டம் காட்டியது. அங்கு பருத்தி வயல்களில் மருந்து தெளித்த கமக்காரரும் கூலியாட்களும் நூற்றுக்கணக்கில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தன. தெளித்த மருந்து தெளித்தவரின் முகத்துக்கும் மார்புக்குமே திரும்பியது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ஒரே தாங்கியிற் கலந்தமையும் காரணமாகக் கூறப்பட்டது. இந்நாட்டில் பந்தலிற் படர்ந்த பாகலுக்கும் புடோலுக்கும் கீழே நின்று மேல்நோக்கித் தெளிப்போர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

ஒரு தெளிகாரர் கற்கவேண்டியவை

பத்திரம் இல்லாவிடினும் பாடம் உண்டு. பிற நாடுகளின் பரீட்சைகளிற் கேட்கப்படுவனவற்றுள் முதலாவது, தன் கருவி எவ்வளவு நீரை எவ்வளவு நிலத்தில் இடுகின்றது என்பதாகும். இதனை அறியாதவர் சுட்டுத்துண்டைப் படித்தும் பயனில்லை.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமான நிலத்தை அளந்து குறித்துக்கொள்க. தெளிகருவியில் தூய நீரை அளந்து நிரப்பி, வழக்கமான நடையில் அந்நிலம் முழுவதும் தெளிக்க. மீதியை அளந்தால் செலவான நீர் தெரியும். ஒருவருக்கு 3.2 லீற்றர் செலவாயிற்று எனக் கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீற்றராதலால், அவருக்கு ஏக்கருக்கு 130 லீற்றர் வரையில் வேண்டும். அஃதாவது 16 லீற்றர்த் தாங்கி எட்டு. சுட்டுத்துண்டு ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் எனக் கூறுமாயின், தாங்கி ஒன்றுக்கு 50 மில்லிலீற்றர் இட வேண்டும்.

இப்பொழுது அதே கருவியை மெதுவாக நடக்கும் வேறொருவரிடம் கொடுத்தாற் கதை மாறும். அவர் அதே நிலத்துக்கு 4.8 லீற்றர் தெளிக்கின்றார். அவருக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு தாங்கிகள் செல்லும். அவரும் பழக்கத்தின்படி தாங்கிக்கு 50 மில்லிலீற்றர் இடுவாரானால், 400 இடவேண்டிய ஏக்கரில் 600 மில்லிலீற்றர் விழுந்துவிடும். அவர் இடவேண்டிய அளவு 33 மில்லிலீற்றரே. தாங்கிக்கு இத்தனை மூடி என்று அயலவர் சொன்ன கணக்கு அவரது நடைக்கும் அவரது கருவியின் வாய்க்கும் உரிய கணக்கு. கூலிக்காரர் மாறும்போதெல்லாம் இச்சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும். கருவியின் வாய் தேய்ந்து துவாரம் பெருத்தாலும் அவ்வாறே.

அடுத்தது தோல். மருந்து வாயாலும் மூச்சாலும் மாத்திரமே உட்செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். தெளிகாரருக்குப் பெரும்பகுதி தோலின் வழியே செல்கின்றது. உடலின் எல்லாப் பகுதித் தோலும் ஒன்றன்று. முன்கையைவிடத் தலையும், தலையைவிடத் தொடையிடுக்கும் நஞ்சை மிகுதியாக உறிஞ்சும். தொடையிடுக்கில் அது முன்கையிலும் பத்து மடங்குக்கு மேலாகும் என்று பரதையோனைக் கொண்டு நடத்திய ஆய்விற் காணப்பட்டது. முதுகுத் தெளிகருவியின் மூடி இறுகாவிடில் மருந்து முதுகின் வழியே வழிந்து இடுப்பில் இறங்கிச் சாரத்தை நனைத்து அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றது. மூடியின் இறப்பர் வளையத்தின் விலை சொற்பம். அதனை மாற்றாமற் போகம் முழுவதும் நனைந்த சாரத்துடன் வேலை செய்வோர் உளர்.

கலக்கும் வேளையே மிக அபாயமானது. தாங்கியிலுள்ளது நீர் கலந்த மருந்து. போத்தலிலுள்ளது கலவாத நஞ்சு. எனவே கையுறை தெளிக்கும்போது வேண்டுமா என்று கேட்பவர், கலக்கும்போது கட்டாயம் வேண்டும் என்பதை முதலில் ஏற்கட்டும். கையுறையும் நீண்ட கைச் சட்டையும் வெயிலில் தாங்கமாட்டாதன என்னும் முறைப்பாடு நியாயமானதே. அதற்குரிய விடை, சட்டையைக் களைவதன்று. காலையிலும் பிற்பகலின் பின்னேரத்திலும் தெளிப்பதாகும். அவ்வேளைகளிற் காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். காற்றுக்கு எதிர்முகமாக நடத்தல் எக்காலத்தும் ஆகாது.

மரக்கறிச் செய்கையாளருக்கு வேறொரு சிக்கல் உண்டு. நெல்லைப் போல மரக்கறி ஒரே நாளில் அறுவடையாவதில்லை. கத்தரியும் பயிற்றையும் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுகின்றன. சுட்டுத்துண்டில் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே 14 நாட்கள் என்றிருந்தால், காய் பறிக்கும் காலத்தில் அம்மருந்துக்கு அத்தோட்டத்தில் இடமில்லை. இதனைக் கடையில் வாங்குமுன் பார்த்தல் வேண்டும். தெளித்தபின் பார்த்துப் பயனில்லை. குறுகிய இடைவெளியுள்ள மருந்தைக் கேட்டுப் பெறுக. அல்லது துளைத்த காய்களையும் தண்டுகளையும் சேர்த்து அழித்து அவ்வாரத்தைக் கடத்துக. சந்தைக்குப் போகும் முதல்நாள் மாலை தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டென்பது எல்லோரும் அறிந்த இரகசியமாகும். தம் வீட்டுக்கென நாலு செடிகளைத் தெளிக்காமல் ஒதுக்கி வைப்பவர், அதன் பொருளை அறிந்தே வைக்கின்றார்.

சுட்டுத்துண்டு இல்லாத போத்தல்

விவசாய இரசாயனங்களின் இறக்குமதி 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் முற்றாகத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டு, 2022இல் மீண்டும் அநுமதிக்கப்பட்டது. இத்தகைய காலங்களிற் கடைகள் வெறுமையாகும். கள்ளச் சந்தை நிறையும். கற்பிட்டி, மன்னார்ப் பகுதிக் கரைகளிற் கடல்வழியே கொண்டுவரப்பட்ட பீடைகொல்லிகள் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. இலங்கையில் 1995இல் விலக்கப்பட்ட மொனோகுரோட்டபொஸ் இந்தியாவில் அதன்பின்னும் நெடுங்காலம் விற்கப்பட்டது என்பதை எண்ணினால், அவ்வாறு வரும் போத்தலுள் என்ன இருக்கலாம் என்பது விளங்கும். பதிவிலக்கமும் தமிழிற் சுட்டுத்துண்டும் இல்லாத மருந்துக்கு அளவும் இல்லை, அறுவடை இடைவெளியும் இல்லை. வைத்தியருக்குச் சொல்ல ஒரு பெயருங்கூட இல்லை.

தெளிக்கும்போதோ, அன்றிரவோ மிகையான வியர்வை, வாயில் நீரூறல், கண்மணி சுருங்கிப் பார்வை மங்கல், மார்பிறுக்கம், தசைத் துடிப்பு என்பன தோன்றினால், அவை ஓகனோபொசுபேற்று அல்லது காபமேற்று வகை நஞ்சின் அறிகுறிகளாகலாம். வெயிற் களைப்பென்று படுக்கவைத்தல் ஆகாது. நனைந்த உடைகளைக் களைந்து, சவர்க்காரமிட்டு உடலைக் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைக்கலாம். மருந்துப் போத்தலைச் சுட்டுத்துண்டுடன் கூடவே எடுத்துச் செல்க. எந்நஞ்சு என்பதை அறிந்தாலன்றோ எம்மாற்று மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிக்க முடியும்.

வெறும் போத்தலை வீட்டுக்குக் கொண்டு போதல் கூடாது. 2013இல் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 23 பள்ளிப் பிள்ளைகள் மதிய உணவு உண்டு இறந்தனர். சமையலெண்ணெயில் மொனோகுரோட்டபொஸ் கலந்திருந்தது. போத்தல் வெறுமையானதும் மூன்று முறை நீரால் அலசி, அந்நீரைத் தெளிகருவித் தாங்கியிலேயே ஊற்றிக்கொள்க. பின்னர் அடியிலும் பக்கத்திலும் ஆணியால் துளையிட்டு விடுக. மண்ணெண்ணெய்க்கென்று அதனைக் கேட்டு வருபவருக்குத் துளையைக் காட்டினாற் போதும்.