பார்மட் போடுவதற்கு முன்

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மடிக்கணினி இன்று திடீரென்று நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், ஷா ஆலமோ கிள்ளானோ, நம்மவர்கள் வாயில் முதலில் வருவது “வைரஸ் பூந்திருச்சு” என்பதுதான். அடுத்தது, “பார்மட் போட்டா சரியாயிடும்.” இரண்டும் ஒருகாலத்து அனுபவத்திலிருந்து வந்த நம்பிக்கைகள். பிளாப்பி தட்டும் பென்டிரைவும் கைமாறிய நாள்களில் வைரஸ்கள் கணினியை முடக்கித் தம்மைக் காட்டிக்கொண்டது உண்டு. இன்று அவற்றை எழுதுபவர்களுக்குத் தேவை பணம். கடவுச்சொல்லைத் திருடும் நிரல் சத்தமில்லாமல் இருக்கவே விரும்பும். பிணைப்பணம் கேட்கும் நிரலும் கோப்புகளைப் பூட்டிவிட்டு, மிரட்டலைப் படிக்கத் திரையை விட்டுவைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்து எழும் கணினியால் இரண்டுக்கும் ஆதாயமில்லை. வைரஸ் சோதனை செய்யவே வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்யுங்கள். ஆனால் விசாரணை அத்தோடு முடிந்துவிடக்கூடாது.

இதற்கு மிகப் பெரிய சான்று நம் வாசலுக்கே வந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, மலேசிய நேரம் நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21ஆவது தரவு ஒன்றைப் பார்க்கச் சொன்னது. கணினியில் இருந்த நிரலிடமோ 20 தரவுகள்தான் இருந்தன. இல்லாததைத் தேடி நினைவகத்தின் எல்லையைத் தாண்டியபோது விண்டோஸ் சரிந்தது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகம் முழுதும் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. கேஎல்ஐஏ 2இல் ஏர் ஆசியா பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்ய நேர்ந்தது. கேடிஎம் டிக்கெட் முறையும் தடுமாறியது. இணையத் தாக்குதல் என்றே பலரும் அஞ்சினார்கள். அப்படி எதுவும் இல்லை. காவலுக்கு வைத்த மென்பொருளே கணினியைக் கவிழ்த்தது. பாதிக்கப்பட்ட கணினிகளுக்குப் பார்மட்டும் தேவைப்படவில்லை. பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதும், எழுந்து நின்றன.

‘எப்போதிலிருந்து?’ என்ற கேள்விதான் இங்கே முதல் தடயம். திடீரென்று வந்த கோளாறுக்குப் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும்; அந்தத் தேதியை ஒட்டி ஏதோ ஒன்று மாறியிருக்கும். விண்டோஸே இதை நாள்வாரியாகக் குறித்து வைக்கிறது. தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஒரு வரைபடம் வரும். கணினி விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. அதே நாளில் என்ன மென்பொருள், என்ன டிரைவர் ஏறியது என்ற விவரம் அதன் கீழே. முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாள் ஒரு டிஸ்ப்ளே டிரைவர் ஏறியிருந்தால், அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள். பார்மட் இந்தப் பதிவேட்டையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

“ஆனால் பார்மட் போட்டதும் சரியாகிறதே?” என்பார்கள். ஆகும், கெட்ட டிரைவரும் சேர்ந்து போனதால். அடுத்த வாரம் விண்டோஸ் அதே டிரைவரை மறுபடி கொண்டுவந்தால் கோளாறும் திரும்பும். கோளாறு வன்பொருளில் இருந்தால் பார்மட்டால் துளியும் பயனில்லை. நீலத்திரைகூட இல்லாமல் சட்டென்று அணைந்தால் சூடு, சார்ஜர், பேட்டரி மீதே முதல் சந்தேகம் போகவேண்டும். நம் வெக்கையில், மெத்தைமேல் வைத்து, தூசி அடைத்த விசிறியோடு ஓட்டினால் வேறென்ன ஆகும்? லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து திறந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் விண்டோஸ்மேல் பழிபோட இடமில்லை. கடையில் ரேமைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

“அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே” என்பது அடுத்த வாதம். கூடாது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற பிணைப்பணம் கேட்கும் நிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஒரு வாரம் தள்ளிவைக்க விண்டோஸிலேயே வழி உண்டு; அது போதும்.

ஷா ஆலமிலோ லோ யாட் பிளாசாவிலோ கடையில் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். கோப்புகளை வெளியே நகலெடுங்கள். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். கிரவுட்ஸ்டிரைக் நாளில் தீர்வு தெரிந்தும் அந்தச் சாவி கிடைக்காமல் நின்றவர்கள் உண்டு. கோளாறு தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தால் மட்டும் இவை எதற்கும் காத்திருக்காதீர்கள்: பேட்டரி வீங்கியிருக்கிறது, உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.