ஒரு பல் குறைத்தால் போதுமா?

கேள்வி: வாரம் ஒருமுறை மனைவியோடு கொல்லிமலை ஏறுகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் பைக் திணறுகிறது. முன்னால் 14 பல், பின்னால் 42, செயின் 428. எதை மாற்றலாம்?

பதில்: 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற, முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்று சுற்றுகிறது. இந்த எண் கூடினால் இழுவை கூடும். முன்னால் 13 போட்டால் 3.23, பின்னால் 45 போட்டால் 3.21. கிட்டத்தட்ட ஒரே பலன்தான்.

முன்னால் மாற்றுவது மலிவு. ஆனால் சிறிய ஸ்பிராக்கெட்டில் செயின் அதிகமாக மடங்குவதால் சீக்கிரம் தேயும். செயின் செட் எப்படியும் மாற்றும் தறுவாயில் இருந்தால் 45-ஐயே வாங்குங்கள். இரண்டு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம். பழைய செயினில் புது ஸ்பிராக்கெட்டைக் கோப்பது வீண் செலவு. கடையில் 428-க்கானதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் கண்ணிக்குக் கண்ணி 12.7 மி.மீ.; 520 செயினில் 15.9 மி.மீ. என்பதால் அதன் பல் இதில் உட்காராது.

நான்குவழிச் சாலையில் இதற்கு விலை உண்டு. 60 கி.மீ. வேகத்திலேயே இன்ஜின் முன்பு 64-இல் கத்தியதுபோல் கத்தும், மைலேஜும் அடிபடும். மற்ற ஆறு நாளும் பைபாஸில்தான் ஓட்டம் என்றால், என் ஓட்டு வேறு: வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கிவிடுங்கள், காசு மிச்சம்.

மீறி மாற்றினால், ஸ்பீடோமீட்டர் எங்கிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். முன்சக்கரம் என்றால் பிரச்சினையில்லை. கியர்பாக்ஸ் என்றால் வேகத்தைக் கூட்டிக் காட்டும்.