பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் முன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே குரூப்பையும் முடிவு செய்துவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் படிப்பைப் பாருங்கள், குரூப் பிறகு. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கணிதம் தேவையில்லை. உயிரியல் இல்லாமல் முடியாது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் சி.ஏ.வுக்கும் எந்த குரூப்பும் தடையில்லை.

• என்ன படிப்பதென்று இன்னும் தெரியாத பிள்ளைக்குக் கணக்கு ஓரளவு வருமென்றால் பயோ மேத்ஸ் எடுக்கலாம். பாடச்சுமை கூடுதல்தான். ஆனாலும் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி இருக்கும்.

• தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணக்கை இப்போதே புரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்தில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 88 எடுத்தால் கட்-ஆஃப் 169. அதே பிள்ளை கணிதத்தில் 90, இயற்பியலில் 80 எடுத்திருந்தால் 174. மொத்த மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை, ஆனால் கிடைக்கும் கல்லூரி மாறிவிடும்.

• பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுதாகப் படிக்க வேண்டும். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் இரண்டு வருடப் பாடமும் வரும். பதினொன்றைத் தள்ளிவிட்டு நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போகும் பள்ளியைக் கேள்வி கேளுங்கள். அது பெற்றோரின் உரிமை.

செய்யக்கூடாதவை

• பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளி என்று அவசரப்பட்டு அரசுப் பள்ளிப் பிள்ளையை மாற்றிவிடாதீர்கள். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கடைசி இரண்டு வருடம் வெளியே போனால் அந்த உரிமை போய்விடும். நல்ல நோக்கத்தில் கடன் வாங்கி, பிள்ளைக்குக் கிடைக்கவிருந்த இடத்தையே இழப்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

• கணக்கு மார்க் ஒருமுறை குறைந்ததற்காகக் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. விட்டால் பொறியியல் மட்டுமா போகிறது? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸுக்குக்கூடக் கணிதம் கேட்கிறார்கள்.

• காமர்ஸை மார்க் குறைந்தவர்களின் குரூப் என்று பேசாதீர்கள். கணக்குப்பதிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை அதைக் கேட்டு வாங்கட்டும்.

• தோழி எடுத்தாள், அத்தை மகன் எடுத்தான் என்பதெல்லாம் காரணமே ஆகாது.

• எடுத்த குரூப் ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால் அரையாண்டு வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். நாளாக ஆக, விட்டுப்போன பாடமும் சேர்ந்துகொள்ளும், விரும்பிய குரூப்பில் இடமும் இருக்காது.