டீச்சரும் படிக்கிறார்

நம் ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. காலையில் குழந்தைகள் வருகிறார்கள். பாடுகிறார்கள். ஆடுகிறார்கள். மதியம் சாப்பிடுகிறார்கள். பிறகு வீடு திரும்புகிறார்கள்.

சில நாட்களில் டீச்சர் வருவதில்லை. உதவியாளர் மட்டும் இருக்கிறார். கேட்டால், "டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்" என்கிறார்.

உடனே சிலர் முணுமுணுக்கிறார்கள்.

"சின்னப் பிள்ளைகளோடு விளையாட ஒரு பயிற்சியா?" என்கிறார் ஒருவர்.

"நான் ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தேன். எனக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?" என்கிறார் ஒரு பாட்டி.

பாட்டியின் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் தேடுவோம்.

வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளைகளைப் பார்க்கிறாள். பிறந்த நாள் முதல் அவர்களை அவளுக்குத் தெரியும். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்கு என்று தெரியும்.

அங்கன்வாடியில் அப்படி இல்லை. பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருவனுக்கு மூன்று வயது. இன்னொருத்திக்கு ஐந்து வயது. ஒரு குழந்தை ஓயாமல் அழுகிறது. ஒரு குழந்தை அடுத்த பிள்ளையை அடிக்கிறது. ஒரு குழந்தை வாயே திறப்பதில்லை. இத்தனை பேரையும் ஒருவர் கவனிக்க வேண்டும். அதற்கு அன்பு வேண்டும். ஆனால் அன்பு மட்டும் போதாது.

இதை நம் நாட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே சிலர் உணர்ந்தார்கள். 'அங்கன்வாடி' என்ற சொல் பிறந்த கதையும் அவர்களுடைய கதைதான்.

முற்றத்தில் ஒரு தோட்டம்

குஜராத்தில் பவநகர் என்று ஓர் ஊர். அங்கே கிஜுபாய் பதேகா என்பவர் 1920ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவர் முன்பு வக்கீலாக இருந்தவர். அடியும் மிரட்டலும் இல்லாமல், விளையாட்டாலும் கதையாலும் குழந்தைகள் கற்கலாம் என்று அவர் காட்டினார். ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் தாராபாய் மோடக். அவர் படித்த பெண்மணி. ராஜ்கோட்டில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரி ஒன்றின் தலைவராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்தார்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் நகரங்களில்தான் இருந்தன. விளையாட்டுக் கருவிகள் விலை அதிகம். ஏழைகளின் பிள்ளைகளுக்கு அவை எட்டவில்லை. "கிராமத்துக் குழந்தைக்கு என்ன வழி?" என்று தாராபாய் யோசித்தார். 1945ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் கடலோரமாக உள்ள போர்டி என்ற கிராமத்துக்குப் போனார்.

அங்கே அவருடன் அனுதாயி வாக் என்ற ஆசிரியை சேர்ந்தார். அனுதாயிக்கு 13 வயதில் திருமணம் ஆனது. ஆறு மாதத்தில் கணவர் இறந்து போனார். அவர் முடங்கிக் கிடக்கவில்லை. படித்து ஆசிரியை ஆனார். பகலில் வேலை பார்த்தார். இரவுப் பள்ளியில் மேலும் படித்தார். ஐம்பது வயதுக்குப் பிறகு பட்டமும் பெற்றார். படிக்க வயது தடை இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

இருவரும் போர்டியில் பாலர் பள்ளி தொடங்கினார்கள். ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பிலிருந்து குழந்தைகள் வரவில்லை. 'பிள்ளைகள் வரவில்லையே' என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளியையே அந்தக் குடியிருப்புக்குக் கொண்டு போனார்கள். வீட்டு முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டினார்கள். குளிப்பாட்டினார்கள். தலை வாரினார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

'அங்கன்' என்றால் முற்றம். 'வாடி' என்றால் தோட்டம். முற்றத்தில் பூத்த குழந்தைகளின் தோட்டம்தான் அங்கன்வாடி.

விலை உயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகச் சிப்பி, கூழாங்கல், இலை, விதை ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள். எண்ணிப் பழக விதை போதும். நிறம் அறியப் பூவும் இலையும் போதும்.

மாடு மேய்க்கும் இடத்தில் பள்ளி

1957ஆம் ஆண்டில் இந்த வேலை கோஸ்பாட் என்ற மலைப் பகுதிக்கு மாறியது. அங்கே வார்லி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.

அங்கும் ஒரு சிக்கல் வந்தது. பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். ஆகவே ஆசிரியர்கள் மேய்ச்சல் நிலத்துக்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். பல சிறுமிகள் தம்பி, தங்கையைப் பார்த்துக் கொள்ள வீட்டில் தங்கினார்கள். ஆகவே கைக்குழந்தைகள் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். அக்காவும் வந்தாள். தம்பியும் வந்தான்.

தாராபாய் 1973ஆம் ஆண்டில் காலமானார். அனுதாயி 1992ஆம் ஆண்டில் மறையும் வரை வேலையைத் தொடர்ந்தார்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நகரத்தில் கற்றதை அவர்கள் கிராமத்தில் அப்படியே திணிக்கவில்லை. குழந்தையை உற்றுப் பார்த்தார்கள். அந்த ஊரை உற்றுப் பார்த்தார்கள். பார்த்ததிலிருந்து புதிதாகக் கற்றுக் கொண்டார்கள். சிறு குழந்தைகளின் ஆசிரியருக்கு முதல் பயிற்சி இதுதான்: உற்றுப் பார்ப்பது.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 33 பகுதிகளில் மட்டும் நடந்தது. இன்று நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன.

சத்துணவு கொடுப்பது, எடை பார்ப்பது, தடுப்பூசி போட உதவுவது, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்வது எல்லாம் அங்கன்வாடியின் வேலைகள். மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு வழியில் கல்வி கொடுப்பதும் அதன் வேலைதான். சாப்பாடு நம் கண்ணுக்குத் தெரிகிறது. கல்வி தெரிவதில்லை.

ஒரு தந்தையும் டீச்சரும் பேசுவதைக் கேளுங்கள்.

தந்தை: டீச்சர், பையனுக்கு நாலு வயது ஆகிறது. இன்னும் அ, ஆ எழுதத் தெரியவில்லை. கட்டணப் பள்ளியில் இதே வயதுப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அங்கே சேர்த்து விடலாமா என்று பார்க்கிறேன்.

டீச்சர்: உட்காருங்கள் அண்ணா. பையன் இப்போது என்ன செய்கிறான், பாருங்கள்.

தந்தை: களிமண்ணை உருட்டிக் கொண்டிருக்கிறான்.

டீச்சர்: நேற்று மணி கோத்தான். அதற்கு முன்னால் காகிதம் கிழித்து ஒட்டினான். இவை எல்லாம் விரலுக்கு வேலை. விரலில் பலம் வந்தால்தான் பென்சில் நிற்கும்.

தந்தை: இது விளையாட்டு இல்லையா?

டீச்சர்: விளையாட்டுத்தான். அதுதான் படிப்பும். எங்கள் பயிற்சியில் ஒரு நாள் இடது கையால் பெயர் எழுதச் சொன்னார்கள். எங்கள் எழுத்து கோணல் மாணலாக வந்தது. கை வலித்தது. "இன்னும் வேகமாக! இன்னும் அழகாக!" என்று அதட்டினார்கள். சிலருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்போதுதான் குழந்தையின் கஷ்டம் எங்களுக்குப் புரிந்தது.

தந்தை: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து) முதியோர் வகுப்பில் நான் முதல் முதலாகப் பென்சில் பிடித்தபோதும் அப்படித்தான் வலித்தது.

நீங்களும் அந்த நாளை நினைத்துப் பாருங்கள். வளர்ந்த கைக்கே அவ்வளவு சிரமம் என்றால், நாலு வயதுக் கை என்ன செய்யும்?

பயிற்சியில் டீச்சர் இன்னும் பலவற்றைக் கற்கிறார்.

கதை சொல்லும்போது நடுவில் நிறுத்துகிறார். "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்கிறார். குழந்தைகள் யோசிக்கிறார்கள். பேசுகிறார்கள்.

வாய் திறக்காத குழந்தையின் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். குழந்தை திரும்பவில்லை. பல முறை அப்படியே நடந்தால், காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்கிறார். இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தைக்கு உதவி கிடைக்கும். கண்டுபிடிக்காவிட்டால் ஊர் அந்தக் குழந்தையை 'மந்தம்' என்று சொல்லிவிடும்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்றால் குழந்தை மிரளும். ஆகவே முதலில் வீட்டு மொழியில் பேசிப் பழக்குகிறார்.

சிறு விதை, மணி ஆகியவற்றைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கிறார். அவை தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

இவை எல்லாம் அன்பான தாய்க்கும் தானாகத் தெரிந்துவிடாது. கற்றால்தான் தெரியும்.

ஒரு முறை கற்றால் போதுமா?

போதாது. டீச்சருக்குப் புதிய செய்திகள் தெரிய வேண்டும். பழைய பாடம் மறக்காமல் இருக்க வேண்டும். வேலையில் வரும் சிக்கல்களை மற்ற டீச்சர்களோடு பேச வேண்டும்.

ஆறு வயதுக்குள் மூளை 85 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. 12ஆம் வகுப்பு அல்லது அதற்கு மேல் படித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு வேண்டும் என்கிறது. அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓர் ஆண்டுப் பட்டயப் படிப்பு வேண்டும் என்கிறது. டி.வி., செல்போன் வழியாகவும் படிக்கலாம். மாதம் ஒரு நாளாவது நேரில் வகுப்பு நடக்க வேண்டும். மையத்தின் வேலை அதிகம் தடைப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு.

2023ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு 'போஷண் பி, படாய் பி' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 'ஊட்டமும் வேண்டும், படிப்பும் வேண்டும்' என்பது இதன் பொருள். 2024ஆம் ஆண்டில் இரண்டு வழிகாட்டிகள் வெளிவந்தன. மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 'நவசேதனா'. மூன்று முதல் ஆறு வயது வரை 'ஆதார்ஷிலா'.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டீச்சருக்குப் பல பதிவேடுகள் இருக்கின்றன. வீடு வீடாகப் போகும் வேலை இருக்கிறது. பயிற்சியில் கற்றதைச் செய்ய அவருக்கு நேரம் வேண்டும். ஊரின் ஆதரவும் வேண்டும். இவை இல்லாவிட்டால் பயிற்சி நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

டீச்சர் பயிற்சிக்குப் போகும் நாளை முன்பே கேட்டுத் தெரிந்து கொள்வோம். அந்த நாட்களில் உதவியாளருக்குத் துணையாகத் தாய்மார் முறை வைத்துப் போகலாம்.

டீச்சர் திரும்பி வந்ததும், "என்ன கற்றீர்கள்?" என்று கேட்போம். பெற்றோர் கூட்டத்தில் அதைச் செய்து காட்டச் சொல்வோம்.

சிப்பி, காலி டப்பா, துணித் துண்டு, பழைய காகிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்போம்.

பாட்டியும் போகலாம். பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டும் கதையும் எந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. டீச்சரின் படிப்பும் பாட்டியின் அனுபவமும் சேர்ந்தால் குழந்தைக்கு இரட்டை லாபம்.

பயிற்சியே நடக்கவில்லை என்றால் கிராம சபையில் கேட்போம். நம் குழந்தைகளுக்காகக் கேட்பது நம் உரிமை.

விடை சொல்லுங்கள்

1. 'அங்கன்வாடி' என்ற சொல்லின் பொருள் என்ன?
2. குடியிருப்பிலிருந்து குழந்தைகள் வராதபோது தாராபாயும் அனுதாயியும் என்ன செய்தார்கள்?
3. களிமண் உருட்டுவதால் குழந்தைக்கு என்ன பயன்?
4. வாய் திறக்காத குழந்தையை டீச்சர் எப்படிச் சோதித்தார்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. தாராபாய் போர்டிக்குப் போன ஆண்டு ________.
2. கோஸ்பாட் பகுதியில் ________ என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.
3. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு ________ மாதம் 2ஆம் நாள் தொடங்கியது.

செய்து பாருங்கள்

உங்கள் பெயரை மற்றக் கையால் ஐந்து முறை எழுதுங்கள். எப்படி இருந்தது என்று வகுப்பில் சொல்லுங்கள்.

கூடிப் பேசுங்கள்

நம் ஊர் அங்கன்வாடி டீச்சர் கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார்? அவருக்கு இன்னும் என்ன உதவி தேவை? அவரையே அழைத்துக் கேளுங்கள்.